பனிவெளியில் உலோகத்தைத் தேடும் ரேடார்: வாசகர் கேள்வி - பதில்

துருவப் பகுதிகளில் கப்பல், ஆய்வு நிலையம், விமானம் போன்றவற்றைச் செயற்கைக்கோள் ரேடார் படங்களில் எப்படித் தேடுவது என்று கேட்டு வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

பனியும் ரேடார் அலையைத் திருப்பி அனுப்புகிறது, இரும்பும் திருப்பி அனுப்புகிறது. எதை வைத்து ‘இது மனிதன் செய்தது’ என்கிறார்கள்?

முதலில் வடிவத்தை வைத்து. செயற்கைக்கோள் ரேடார் பக்கவாட்டில் சாய்வாகப் பார்க்கிறது. சமமான பனிமேல் விழும் அலையின் பெரும்பகுதி எதிர்ப்பக்கம் தெறித்துப் போய்விடும். மேடுபள்ளங்களும் பனிக்குள் இருக்கும் காற்றுக் குமிழிகளும் சிதறடிக்கும் சிறு பங்குதான் திரும்பி வரும். கப்பலிலோ செங்கோணங்கள் நிறைந்திருக்கின்றன: பக்கச் சுவரும் மேல்தளமும், அறைகளின் மூலைகளும், பாரந்தூக்கிகளும். மூன்று தகடுகள் செங்குத்தாகச் சந்திக்கும் இடத்தில் நுழைந்த அலை, அறை மூலையில் எறிந்த பந்துபோல வந்த திசைக்கே திரும்பிவிடும்.

இதைக் கணக்காகவே போட்டுப் பார்க்கலாம். 1 மீட்டர் விளிம்புள்ள முக்கோணத் தகடுகள் மூன்றால் ஆன மூலையை எடுத்துக்கொள்ளுங்கள். 12.57-ஐ விளிம்பின் நான்காம் அடுக்கால் பெருக்கி, அலைநீள வர்க்கத்தின் மூன்று மடங்கால் வகுத்தால் அதன் ரேடார் குறுக்குப் பரப்பு கிடைக்கும். சென்டினல்-1 என்ற ஐரோப்பிய ரேடார் செயற்கைக்கோளின் அலைநீளம் 5.55 செ.மீ. விடை ஏறத்தாழ 1,360 சதுர மீட்டர். அரை சதுர மீட்டர் தகடுகள் மூன்றே மூன்று, ரேடாரின் கண்ணுக்கு இத்தனை பெரிதாகத் தெரிகின்றன.

ஆனால் அது படத்தில் தெரியுமா என்பதை முடிவு செய்வது சுற்றியுள்ள பனி. பனியின் பின்சிதறல் மைனஸ் 12 டெசிபல் என்று வைப்போம்; அதாவது ஒரு சதுர மீட்டர் பனி 0.063 சதுர மீட்டருக்குச் சமமாக ஒளிர்கிறது. சென்டினல்-1 படங்களில் ‘ஐடபிள்யூ’ என்ற நுண்வகையில் ஒரு பிரிதிறன் கட்டம், அதாவது படம் தனியாகப் பிரித்துக் காட்டக்கூடிய மிகச் சிறிய பரப்பு, 20 × 22 மீட்டர். அதற்குள் இருக்கும் பனியின் பங்கு 28 சதுர மீட்டர்தான். நம் மூலை அதைப்போல 49 மடங்கு. பளிச்சென்று தெரியும். ‘ஈடபிள்யூ’ என்ற அகலவகைப் படத்தின் நடுத்தரப் பதிப்பில் கட்டம் 93 × 87 மீட்டர். பனியின் பங்கு 510 சதுர மீட்டராகிவிடுகிறது. மூலை அதன் இரண்டரை மடங்குக்குச் சற்று மேல். ரேடார் படங்களுக்கே உரிய புள்ளி இரைச்சல் (படம் முழுக்கத் தாறுமாறாகத் தெரியும் வெளிச்சப் பொட்டுகள்) அந்த அளவுக்குச் சர்வசாதாரணமாக எகிறும். ஒரே பொருள், ஒரே பனி. ஒரு படத்தில் இருக்கிறது, இன்னொன்றில் காணோம். துருவத்தில் எதைத் தேடினாலும் முதலில் இந்தக் கணக்கைப் போட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

படங்கள் இலவசமாகக் கிடைக்குமா? எந்த வகையை எடுப்பது?

சென்டினல்-1 படங்கள் அனைத்தும் இலவசம். ஐரோப்பாவின் கோப்பர்னிக்கஸ் தரவுத்தளத்திலும் அலாஸ்கா செயற்கைக்கோள் மையத்தின் தளத்திலும் பதிவு செய்துகொண்டு இறக்கலாம். 2014 ஏப்ரலில் ஏவப்பட்ட 1ஏ-யிலிருந்து தொடர்ச்சியாகப் படங்கள் உண்டு. 1பி 2021 டிசம்பரில் பழுதாகி நின்றுவிட்டது. 1சி 2024 டிசம்பரில்தான் ஏவப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் படங்கள் குறைவாக இருப்பதைக் கண்டு உங்கள் தேடலில் பிழை என்று நினைக்க வேண்டாம்.

துருவக் கடல்களில் பெரும்பாலும் கிடைப்பது 400 கி.மீ. அகலமுள்ள ஈடபிள்யூ. 250 கி.மீ. அகலமுள்ள ஐடபிள்யூ கிடைத்தால் அதையே எடுங்கள். கோப்புப் பெயரில் போலரைசேஷனை, அதாவது அலை அதிரும் திசையை, குறிக்கும் எழுத்துகள் ‘டிஎச்’ என்று இருக்க வேண்டும். அதாவது கிடைமட்டமாக அனுப்பி, கிடைமட்டமாகவும் செங்குத்தாகவும் வாங்கிய எச்எச், எச்வி இரண்டும் அதில் இருக்கும். ‘எஸ்எச்’ என்றால் எச்எச் மட்டும். பாதிக் கண்ணோடு தேடுவதாகிவிடும்.

ஸ்னாப் மென்பொருளில் நிலத்திருத்தம் செய்ததும் படம் முழுக்க வெறுமையாகிவிடுகிறது. ஏன்?

ஸ்னாப் என்பது சென்டினல் படங்களைச் செயலாக்கும் மென்பொருள்; நிலத்திருத்தம் என்பது தரையின் உயரத்தைக் கணக்கில் கொண்டு படத்தை வரைபடத்தோடு பொருத்துவது. அது வெறுமையாவதற்கு இரண்டு காரணங்கள், இரண்டும் துருவத்துக்கே உரியவை. பலர் பழக்கத்தில் தேர்ந்தெடுக்கும் எஸ்ஆர்டிஎம் உயரத் தரவு வடக்கே 60 பாகையோடும் தெற்கே 56 பாகையோடும் நின்றுவிடுகிறது. அதற்கு அப்பால் உயரமே இல்லாததால் மென்பொருள் அந்தப் பிக்சல்களைத் தூக்கி எறிகிறது. கோப்பர்னிக்கஸ் 30 மீட்டர் தரவைத் தேர்ந்தெடுங்கள். அல்லது வடதுருவத்துக்கு ஆர்க்டிக்டெம், அன்டார்க்டிகாவுக்கு ரேமா தரவை வெளியிலிருந்து கொடுங்கள். இவை இரண்டும் கடல்மட்டத்திலிருந்து அல்லாமல், பூமியின் வடிவத்துக்கு வைத்த நீள்வட்டப் பரப்பிலிருந்து அளந்த உயரங்கள். எனவே கடல்மட்ட உயரத்தை நீள்வட்ட உயரமாக மாற்றும் புவியீர்ப்பு மாதிரியைச் சேர்க்கவா என்று மென்பொருள் கேட்கும் கட்டத்தில் டிக் இருந்தால் எடுத்துவிடுங்கள். எடுக்காவிட்டால் உயரம் பிசகும். ரேடார் அலை செங்குத்திலிருந்து 35 பாகைச் சாய்வில் விழும் இடத்தில் 100 மீட்டர் உயரப் பிழை, படத்தில் 143 மீட்டர் இடப்பிழையாக வந்து நிற்கும்.

இரண்டாவது, ‘உயரம் இல்லாத பகுதியை மறை’ என்ற கட்டம். அதில் டிக் இருந்தால் கடல் முழுவதும், அதோடு கடல்பனியும், மறைந்துபோகும்.

வரிசையும் முக்கியம். சுற்றுப்பாதைக் கோப்பு, வெப்ப இரைச்சல் நீக்கம், அளவுத்திருத்தம், பிறகு ரேடார் பார்த்த அதே வடிவத்திலேயே பொருள் தேடல், கடைசியில்தான் நிலத்திருத்தம். நிலத்திருத்தம் பிக்சல்களை இழுத்துக் கலக்குவதால் சிறு பொருளின் உச்சம் மழுங்கும். புள்ளி இரைச்சல் வடிகட்டியைத் தேடலுக்கு முன் போடவே கூடாது. அது முதலில் தேய்ப்பது ஒற்றைப் பிரகாசப் புள்ளிகளைத்தான். நாம் தேடுவதும் அவற்றைத்தான். வரைபட முறைக்கு வடக்கே 3413, தெற்கே 3031 என்ற எண்ணுள்ள துருவ முறைகள் சரிவரும். அட்சக் கோடுகளை நேர்க்கோடுகளாக விரிக்கும் முறையில் 80 பாகையருகே ஒரு கப்பல் ஐந்தாறு மடங்கு அகலமாக இழுபட்டுத் தெரியும்.

கப்பல் தேடும் கருவியை ஓட்டினால் பனிக்கடலில் ஆயிரக்கணக்கில் புள்ளிகள் வருகின்றன. அத்தனை கப்பல் இருக்க வாய்ப்பில்லையே?

இல்லைதான். கருவி வேலை செய்யும் விதத்தைப் பார்த்தால் காரணம் புரியும். ஒவ்வொரு பிக்சலையும் அதைச் சுற்றிய வளையத்தின் சராசரியோடும் சிதறலோடும் அது ஒப்பிடுகிறது. வளையத்துக்கும் பிக்சலுக்கும் நடுவே ஒரு காவல் இடைவெளி விடப்படும். கப்பலின் வெளிச்சமே பின்னணிக் கணக்கில் கலந்துவிடக் கூடாது என்பதற்காக. பொய் எச்சரிக்கை வாய்ப்பு பத்து லட்சத்தில் ஒன்று என்று நீங்கள் வைத்தால், அதற்கேற்ற வரம்பை அது போட்டுக்கொள்ளும்.

இங்கேயே முதல் சிக்கல். 250 × 170 கி.மீ. படத்தில் 10 மீட்டர் பிக்சல்கள் 42 கோடிக்கு மேல். பத்து லட்சத்தில் ஒன்று என்றாலே 425 பொய்ப் புள்ளிகள். அதுவும் பின்னணி ஒரே சீராக இருந்தால்.

பனிக்கடலில் பின்னணி சீராகவே இருப்பதில்லை. வளையத்தின் ஒரு பாதி கருத்த நீர்ப்பிளவிலும் மறு பாதி வெளுத்த பனித்தட்டிலும் விழுந்தால் சராசரி இரண்டுக்கும் நடுவில் நிற்கும். தட்டின் ஓரத்திலுள்ள சாதாரணப் பனி வரம்பைத் தாண்டி ‘பொருள்’ ஆகிவிடும். அதே நேரம் பிளவுக்குள் நிற்கும் உண்மையான சிறு படகு, பக்கத்துத் தட்டின் வெளிச்சத்தால் உயர்ந்த வரம்புக்குக் கீழே போய்த் தவறிவிடும். இரண்டு பக்கமும் நட்டம். உங்கள் புள்ளிகள் பனித்தட்டின் ஓரங்களில் வரிசையாக விழுந்திருக்கின்றனவா என்று பெரிதாக்கிப் பாருங்கள். பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும்.

திருத்தம் இப்படி: முதலில் படத்தை நீர், இளம்பனி, முதிர்பனி என்று பகுதி பிரியுங்கள், பிறகு ஒவ்வொரு பகுதிக்குள்ளும் தனித்தனியாகத் தேடலை ஓட்டுங்கள். வளையம் பகுதியின் எல்லையைத் தாண்டினால் தாண்டிய பிக்சல்களைக் கணக்கில் சேர்க்காதீர்கள். காவல் இடைவெளி நீங்கள் எதிர்பார்க்கும் மிகப்பெரிய கப்பலின் நீளத்தைப்போல இரண்டு மடங்காவது இருக்கட்டும். திறந்த கடலுக்கென்று வைத்த அளவுகளை அப்படியே பனிக்குக் கொண்டுவந்தால் தோல்விதான்.

அடுத்த காரணம் அழுத்தமேடுகள். இரண்டு பனித்தட்டுகள் மோதி உடைந்து குவிந்த இந்த மேடுகள் எச்எச் படத்தில் கப்பல் அளவுக்கு வெளுக்கும். நீளமாக, வளைந்து, ஒன்றோடொன்று கிளைவிட்டு ஓடும் புள்ளிகளைக் கூட்டமாகவே கழித்துவிடலாம்.

எச்வி படத்தில் இன்னொரு தொல்லை. அதில் பனியின் சமிக்ஞை பலவீனம் என்பதால் ரேடாரின் சொந்த இரைச்சல் பட்டைபட்டையாகத் தெரியும். ஈடபிள்யூ படம் பல பட்டைகளை இணைத்து உருவாவது; அவற்றில் செயற்கைக்கோளுக்கு மிக அருகான முதல் பட்டை மோசமானது. புள்ளிகள் ஒரு நேர்க்கோட்டில், பட்டைகளின் இணைப்பை ஒட்டியே வந்தால் அது இரைச்சல். 2018 மார்ச்சுக்குப் பிந்தைய கோப்புகளில் இரைச்சல் அட்டவணை செயற்கைக்கோள் செல்லும் திசை, அதற்குக் குறுக்கான திசை இரண்டுக்கும் தரப்பட்டிருக்கிறது. பழைய கோப்புகளில் முழுமையாக நீங்காது.

கப்பலையும் மிதக்கும் பனிப்பாறையையும் எப்படிப் பிரித்தறிவது?

துறையின் கடினமான கேள்வி இதுதான். 2017-இல் நார்வேயின் ஸ்டாட்ஆயில் எண்ணெய் நிறுவனமும் கனடாவின் சி-கோர் ஆய்வு நிறுவனமும் சேர்ந்து இதற்கென்றே ஒரு பொதுப் போட்டி நடத்தின. 75 × 75 பிக்சல் துண்டுப் படங்கள் 1,604. ஒவ்வொன்றுக்கும் எச்எச், எச்வி, சாய்கோணம். கணினிக்குக் கற்றுக்கொடுத்துப் பழக அது இன்றும் நல்ல தொகுப்பு. ஆனால் அந்தத் துண்டுகளில் பொருளைச் சுற்றி இருப்பது நீர். அதில் பழகிய கணினியை நெருக்கமான பனிக்கடலுக்குள் அப்படியே நம்பக் கூடாது.

கண்ணால் பார்க்கும்போது கவனிக்க வேண்டியவை சில உண்டு. உலோகத்தின் எதிரொலி மிகப் பலமாக இருந்தால் புள்ளியிலிருந்து நான்கு பக்கமும் மெல்லிய கோடுகள் கிளம்பிச் சிலுவை போலத் தெரியும். பனிப்பாறை அந்த அளவுக்கு ஒரே புள்ளியில் குவிவது அரிது. உயரமான தட்டைப் பனிப்பாறையில் ரேடாரை நோக்கிய விளிம்பு வெளுத்து, பின்பக்கம் கருநிழல் விழும். வலுவான கப்பலுக்குச் சில கிலோமீட்டர் தள்ளி, செயற்கைக்கோள் செல்லும் திசையிலேயே மங்கலான போலி உருவங்களும் வரும். அவற்றைத் தனிக் கப்பல்களாக எண்ணிவிடாதீர்கள்.

எச்வி வலுவாக இருந்தால் கப்பல் என்று பல கையேடுகள் சொல்லும். பாதிதான் உண்மை. பனிப்பாறையின் உள்ளே புகுந்து பலமுறை சிதறிய அலையும் எச்வியில் தூக்கலாகத்தான் வரும். அந்த ஒரு வரம்பை மட்டும் வைத்து முடிவு எழுதுவது எங்கள் பார்வையில் தவறு.

ஒரே படத்தில் முடிவெடுக்க முடியாவிட்டால் அடுத்த படத்துக்குப் போங்கள். பனித்தட்டோடு சேர்ந்து அதே வேகத்தில் நகர்ந்தால் அது பனியின் பகுதியாகவோ, பனியில் சிக்கியதாகவோ இருக்கும். பனியை வெட்டிக்கொண்டு நகர்ந்தால் கப்பல். அசையாமல் நிற்க, பனி அதைக் கடந்து போய், பின்னால் உடைந்த பனியும் நீருமாக ஒரு வால் விழுந்தால் அது எண்ணெய் மேடை அல்லது தரைதட்டிய பனிப்பாறை. பழகிப் பார்க்க ரஷ்யாவின் வடக்கே பெச்சோரா கடலிலுள்ள பிரிராஸ்லோம்னயா எண்ணெய் மேடை மிகப் பொருத்தம்: ஏறத்தாழ 126 மீட்டர் சதுரம், இடம் மாறாது, குளிர்காலம் முழுக்கப் பனி சூழ்ந்திருக்கும். ஓராண்டுப் படங்களை வரிசையாக வைத்து அதன் உருவம் எப்படி மாறுகிறது என்று பாருங்கள்.

கடைசியாக ஏஐஎஸ், அதாவது கப்பல் தன் அடையாளத்தையும் இடத்தையும் தானே அறிவிக்கும் வானொலிச் சமிக்ஞை. சர்வதேசப் பயணம் செல்லும் 300 டன்னுக்கு மேற்பட்ட கப்பல்கள் இதை வைத்திருப்பது கட்டாயம். படம் எடுத்த விநாடிக்கு முன்னும் பின்னும் உள்ள இரு நிலைகளிலிருந்து அந்த விநாடிக்கான இடத்தைக் கணக்கிட்டு ஒப்பிடுங்கள். பொருந்தாத புள்ளி எல்லாம் சமிக்ஞையை அணைத்த கப்பல் என்று உடனே முடிவு கட்ட வேண்டாம். துருவத்தில் அது பனிப்பாறையாக இருக்கும் வாய்ப்பே அதிகம்.

பனி உடைக்கும் கப்பல், தான் உடைத்த பாதையை விட்டுத் தள்ளி, உடையாத பனிமேல் நிற்பதாகத் தெரிகிறது. படம் பிழையா?

இல்லை. கப்பல் ரேடாரை நோக்கியோ விலகியோ நகர்ந்தால் அந்த நகர்வால் எதிரொலியின் அதிர்வெண்ணில் வரும் டாப்ளர் மாற்றத்தை ரேடார் ‘வேறு இடம்’ என்று தவறாகப் புரிந்துகொள்கிறது. செயற்கைக்கோளுக்கும் கப்பலுக்கும் உள்ள தூரத்தை, கப்பல் ரேடாரை நோக்கியோ விலகியோ நகரும் வேகத்தால் பெருக்கிச் செயற்கைக்கோளின் வேகத்தால் வகுத்தால் இடப்பெயர்ச்சி கிடைக்கும். 850 கி.மீ. தூரம், விநாடிக்கு 5 மீட்டர், விநாடிக்கு 7.5 கி.மீ. என்றால் 567 மீட்டர். உண்மையான இடம் பாதையின் நுனி. தள்ளிய தூரத்தைத் திருப்பிப் போட்டால் அந்த வேகத்தையே கண்டுபிடித்துவிடலாம்.

தேடக் கோடையா குளிர்காலமா நல்லது?

இடத்தைப் பொறுத்தது. கடல்பனியில் குளிர்காலமே மேல். கோடையில் உருகுநீர் தேங்கி, பனி வகைகளின் வேறுபாடு அழிந்து, காற்று வீசினால் குட்டைகள் வேறு வெளுக்கும்.

கிரீன்லாந்துப் பனித்தகட்டின் ஓரப் பகுதிகளில் நிலைமை தலைகீழ். அங்கே கோடையில் உருகி இறங்கிய நீர் பனிக்குள் கட்டிகளாகவும் குழாய்களாகவும் உறைந்து கிடக்கிறது. குளிர்காலத்தில் மேற்பனி உலர்ந்ததும் ரேடார் அலை உள்ளே போய் அந்தக் கட்டிகளில் பட்டுத் திரும்ப, இயற்கைப் பரப்புகளிலேயே மிகப் பிரகாசமானவற்றில் ஒன்றாக அது மாறிவிடுகிறது. அதன்மேல் நிற்கும் கூடாரமோ வாகனமோ அந்த வெளிச்சத்தில் கரைந்துபோகும். கோடையில் மேற்பரப்பு ஈரமானதும் அலை உள்ளே போக முடியாமல் பின்னணி 10 டெசிபலுக்கு மேல் இருண்டுவிடும். அப்போது எடுத்த படத்தில் பாருங்கள். உலோகம் தனித்து நிற்கும்.

பனிக்குள் புதைந்த விமானத்தைச் செயற்கைக்கோள் ரேடாரால் கண்டுபிடிக்க முடியுமா?

ஆழமாகப் புதைந்திருந்தால் இப்போதைக்கு முடியாது. 1942 ஜூலையில் கிரீன்லாந்தில் தரையிறங்கிக் கைவிடப்பட்ட ஆறு பி-38, இரண்டு பி-17 விமானங்களில் ஒன்றை 1992-இல் மேலே எடுத்தபோது அது சுமார் 80 மீட்டர் ஆழத்தில் இருந்தது. ஐம்பது ஆண்டில், ஆண்டுக்கு ஒன்றரை மீட்டருக்கு மேல். 5.5 செ.மீ. அலை நன்கு உலர்ந்த பனியில் சில மீட்டரிலிருந்து பத்திருபது மீட்டர் வரைதான் பயனுள்ள அளவில் இறங்கும். ஈரப்பனியில் சில சென்டிமீட்டர்கூடத் தாண்டாது. அந்தக் கூட்டத்தில் இன்னொரு விமானத்தை 2018-இல் கண்டுபிடித்தது ட்ரோனில் கட்டிய தரை ஊடுருவு ரேடார்.

2024 ஏப்ரலில் கிரீன்லாந்தின் கேம்ப் செஞ்சுரி ராணுவத் தளத்தை நாசா ரேடார் காட்டியது பற்றிப் பலர் கேட்டிருந்தார்கள். 1959-இல் பனிக்குள் சுரங்கமாகக் கட்டி 1967-இல் கைவிட்ட தளம் அது. இன்று குறைந்தது 30 மீட்டர் அடியில் இருக்கிறது. அதைக் காட்டியது விமானத்தில் பறந்த நீள் அலைநீள ரேடார், செயற்கைக்கோள் அல்ல. விமானம் பறக்கும் உயரத்திலிருந்து பார்ப்பதற்கும் 700 கி.மீ. உயரத்திலிருந்து பார்ப்பதற்கும் வித்தியாசம் பெரிது.

நிசார் வந்துவிட்டதே, இந்தத் தேடலுக்கு என்ன மாறும்?

2025 ஜூலை 30-இல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட, நாசாவும் இஸ்ரோவும் சேர்ந்து உருவாக்கிய ரேடார் செயற்கைக்கோளான நிசார், 24 செ.மீ. அளவிலான எல் அலையிலும் 10 செ.மீ.க்கு அருகிலான எஸ் அலையிலும் பார்க்கிறது. பெரிய லாபம் அது இடப்பக்கம் பார்ப்பது. வலப்பக்கம் பார்க்கும் சென்டினல்-1 தென்துருவத்தைச் சுற்றிப் பெரிய வெற்றிடத்தை விட்டுவிடுகிறது. நிசார் அந்த உள்நிலத்தை எட்டுகிறது. நீள் அலை பனிக்குள் ஆழமாகவும் இறங்கும்.

நட்டமும் சொல்ல வேண்டும். முதலில் சொன்ன 1 மீட்டர் மூலை, 24 செ.மீ. அலைக்கு 73 சதுர மீட்டர்தான். ஏறத்தாழ பத்தொன்பதில் ஒரு பங்கு. சிறு பொருள் மங்கும். துருவ ஒளி தோன்றும் நேரங்களில் அயனமண்டலம் (வளிமண்டலத்தின் மேலே மின்னேற்றம் பெற்ற அடுக்கு) எல் அலையின் போலரைசேஷனைத் திருப்பி, எச்எச் வெளிச்சத்தை எச்விக்குள் கசியவிடும். படத்தில் கோடுகளும் விழும்.

பனியில் வைத்த கருவிகளை ரேடார் படத்தில் திரும்பக் கண்டுபிடிக்க எதிரொளிப்பான் வைக்கலாமா? எப்படிச் செய்வது?

தாராளமாக. மேலே சொன்ன மூன்று தகட்டு மூலையேதான் அது. 1 மீட்டர் விளிம்பு ஐடபிள்யூ படத்துக்குப் போதும். செங்கோணம் துல்லியமாக இருக்கட்டும்: 1 பாகை பிசகினாலும் தகட்டின் ஓரம் 17 மி.மீ. விலகுகிறது, அது அலைநீளத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. முழுத் தகட்டைவிடத் துளைத் தகடு நல்லது. காற்றும் பொடிப்பனியும் ஊடே போய்விடும். துளை விட்டம் 7 மி.மீ.க்குள் இருந்தால் 5.55 செ.மீ. அலைக்கு அது முழுத் தகடு போலவே நடந்துகொள்ளும்.

அடித்தகடு சமமாக இருந்தால் அது உச்சமாகப் பார்க்கும் திசை தரையிலிருந்து 35 பாகை உயரத்தில் இருக்கும். உங்கள் இடத்தில் படத்தின் சாய்கோணம் 35 பாகை என்றால் செயற்கைக்கோள் தரையிலிருந்து 55 பாகை உயரத்தில் நிற்கும். எனவே முன்விளிம்பை 20 பாகை தூக்குங்கள். சில பாகை முன்பின் ஆனாலும் பெரிய இழப்பில்லை. திசைக்குக் காந்த ஊசியை நம்பாதீர்கள், துருவத்தருகே அது பெரிதும் விலகும். ஜிபிஎஸ் வைத்து 100 மீட்டர் இடைவெளியில் இரண்டு புள்ளிகளைக் குறித்து, அந்தக் கோட்டிலிருந்து கோணம் அளங்கள். செயற்கைக்கோளின் பாதைத் திசையும் அட்சத்துக்கு அட்சம் வேகமாக மாறுவதால், அதே இடத்தின் பழைய படத்துக் கோப்பிலிருந்தே எடுத்துக்கொள்ளுங்கள். வடக்கு நோக்கிய பயணத்துக்கு வைத்த மூலை, தெற்கு நோக்கிய பயணத்தின் படத்தில் தெரியாமல் போகலாம்; இரண்டிலும் வேண்டுமென்றால் இரண்டு மூலைகள் வையுங்கள்.

பெரும்பாலானவை கெடுவது பனி நிரம்பித்தான். முன்விளிம்பைத் தூக்கியதும் அது கிண்ணமாகிவிடுகிறது. உள்ளே உறைந்த பனி அலையின் வழியை வளைத்து, மூன்று தெறிப்பும் ஒன்றுகூடாமல் செய்துவிடும். வாயை விறைப்பான பாலியெஸ்டர் துணியால் இழுத்துக் கட்டுங்கள். உலர்ந்த துணி இந்த அலையைத் தடுக்காது. அடியில் உள்ள மூலையில் ஒரு வடிகால் துளை விடுங்கள். ஆண்டுக்கு எவ்வளவு பனி சேரும் என்று பார்த்து, இரண்டு ஆண்டுச் சேர்க்கைக்கு மேல் உயரமான கம்பத்தில் ஏற்றுங்கள். வைத்த பிறகு வரும் முதல் படத்தை, வைப்பதற்கு முந்தைய அதே பாதைப் படத்தோடு ஒப்பிட்டு உச்ச மதிப்பைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அந்த மதிப்பு படத்துக்குப் படம் இறங்கிக்கொண்டே வந்தால் உள்ளே பனி ஏறுகிறது என்று பொருள். ஒரே படத்தில் திடீரென விழுந்தால் கம்பம் சாய்ந்திருக்கும்.